கீபோர்டின் தொய்வை எடுப்பது: தாங்கல் முதலில், தகடு கடைசியில்

மெக்கானிக்கல் கீபோர்டு உலகம் சில ஆண்டுகளாக மெத்தென்ற அழுத்தத்தின் பக்கம் சாய்ந்திருக்கிறது. கேஸ்கட் மவுண்ட் (தகட்டை மெத்தென்ற பட்டைகளுக்கு நடுவில் பிடிக்கும் முறை), சுவிட்சுகளைப் பிடித்திருக்கும் தகட்டைப் பாலிகார்பனேட்டில் செய்வது, பிசிபி எனப்படும் மின்சுற்று அட்டையில் வெட்டுக் கோடுகள், அடுக்கடுக்காக ஃபோம் என்று எல்லாமே விரலுக்குக் கீழே கீபோர்டு கொஞ்சம் இறங்கிக் கொடுக்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடுகள். அது பிடிக்காதவர்களும் நிறையப் பேர். சேலத்தில் தட்டச்சுப் பயிலகம் போய் லோயர், ஹையர் முடித்தவர்களின் விரல் மேனுவல் மெஷினில் பழகியது. அவர்களுக்கு விசை அடியைத் தொட்ட இடத்திலேயே நிற்க வேண்டும். அதற்கு மேல் அரை மில்லிமீட்டர் தொய்ந்தாலும் கை உடனே கண்டுபிடித்துவிடும்.

அவர்கள் யோசனை கேட்டால் கிடைக்கும் பதில் பெரும்பாலும் மூன்றுதான். உள்ளே ஃபோம் போடுங்கள், அடியில் எடை ஒட்டுங்கள், பித்தளைத் தகடு வாங்குங்கள். ஃபோம் சத்தத்தை மாற்றும். எடை கீபோர்டை மேசையில் நகராமல் பிடித்து வைக்கும். பித்தளைத் தகடு கனமாக இருக்கும், ஓசை நன்றாக இருக்கும், ஆனால் அதே தடிமனுள்ள ஸ்டீல் தகட்டில் பாதி அளவுக்குத்தான் வளைவைத் தாங்கும். கனம் வேறு, அதிர்வை அடக்குவது வேறு, விறைப்பு வேறு. இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பணம் வீணாகிறது.

ஒரு தகடு எவ்வளவு வளையும் என்பதைப் பொருள், தடிமன், இரண்டு தாங்கல்களுக்கு இடையிலான தூரம் ஆகிய மூன்றும் முடிவு செய்கின்றன. பொருளின் விறைப்பு இரு மடங்கானால் வளைவு பாதியாகும். தடிமன் இரு மடங்கானால் எட்டில் ஒரு பங்காகும். தாங்கல்களின் இடைவெளியைப் பாதியாக்கினாலும் தோராயமாக அதே எட்டில் ஒரு பங்குதான். பொருள்களின் மீள்தன்மை எண்ணையும் பார்த்துவிடலாம்: ஸ்டீல் சுமார் 200 ஜிகாபாஸ்கல், பித்தளை 100, அலுமினியம் 70, எஃப்ஆர்4 எனப்படும் பிசிபி அட்டை 20-ஐ ஒட்டி, பாலிகார்பனேட் 2.4. அலுமினியத் தகட்டைக் கழற்றிவிட்டு ஸ்டீல் போட்டால் கிடைப்பது மூன்று மடங்குக்கும் சற்றுக் குறைவான லாபம். சரியான இடத்தில் ஒரு பிளாஸ்டிக் துண்டை முட்டுக் கொடுத்தால் எட்டு மடங்கு. வீட்டுப் பரண் பலகை நடுவில் தொய்ந்தால் யாரும் தேக்குப் பலகை வாங்கப் போவதில்லை, நடுவில் ஒரு ஆங்கிள் அடிக்கிறோம். இங்கேயும் அதே வேலைதான்.

தடிமனைக் கூட்டலாமே என்று தோன்றும். அங்கே ஒரு தடை இருக்கிறது. செர்ரி எம்எக்ஸ் வகைச் சுவிட்சின் பக்கக் கொக்கி 1.5 மி.மீ. தகட்டுக்காகச் செய்யப்பட்டது, கூடக் குறைய 0.1 மி.மீ. வரை பொறுக்கும். 2 மி.மீ. தகட்டில் கொக்கி மாட்டாது. கீபோர்டில் ஏற்கெனவே இருப்பது 1.2 மி.மீ. தகடு என்றால் மட்டும், 1.5-க்கு மாறுவதால் ஏறக்குறைய இரு மடங்கு விறைப்பு கிடைக்கும்.

எங்கே வளைகிறது?

எதையும் பிரிப்பதற்கு முன் கீபோர்டை மேசையிலிருந்து எடுத்துக் கடப்பாக்கல் மேடை மீதோ கிரானைட் மீதோ வையுங்கள். பிளாஸ்டிக் மேசையும் மெல்லிய பார்ட்டிகிள் போர்டு மேசையும் தாங்களே தொய்யும், பழி கீபோர்டின் மேல் விழும். கல்லின் மேல் வைத்ததும் பாதிப் பிரச்சினை காணாமல் போனால் மேசைக்கு அடியில் ஒரு சட்டம் அடித்தால் போதும், இந்தக் கட்டுரையின் மீதி தேவைப்படாது.

கல்லின் மேலும் தொய்வு இருந்தால் இரண்டு சோதனைகள் செய்யலாம். முதலாவது முறுக்கிப் பார்ப்பது. கீபோர்டின் இரு முனைகளையும் பிடித்து ஈரத்துணி பிழிவதுபோல எதிரெதிராக மெல்லத் திருப்பினால், உறை பலவீனமானதாக இருந்தால் கிறீச்சென்று சத்தம் வரும், நடு விளிம்பு பிரிவது கண்ணுக்கே தெரியும். இரண்டாவது அளவெடுப்பது. எண் வரிசையின் கீகேப்புகளைக் கழற்றிவிட்டு, நேரான ஸ்டீல் ஸ்கேல் ஒன்றை உறையின் இடது வலது விளிம்புகளின் மேல் நீளவாக்கில் வையுங்கள். 60% கீபோர்டு (எண் பலகையும் அம்பு விசைகளும் எஃப் வரிசையும் இல்லாத சிறிய வகை) சுமார் 28.5 செ.மீ. அகலம் என்பதால் 30 செ.மீ. ஸ்கேல் போதும், அதற்குப் பெரியவற்றுக்கு 60 செ.மீ. ஸ்கேல் வேண்டும். ஸ்கேலுக்கும் '6' விசையின் சுவிட்ச் மேல்பரப்புக்கும் நடுவில் அட்டையும் ஏ4 தாள் துண்டுகளும் செருகி, தாள் இறுக்கமாக உரசும் அளவுக்கு நிரப்புங்கள். 80 ஜிஎஸ்எம் தாள் ஒன்று சுமார் 0.1 மி.மீ. தடிமன். இப்போது மளிகைக் கடை ஒரு கிலோ எடைக்கல்லை நடுவிலுள்ள விசைகளின் மேல் வையுங்கள். எத்தனை விசை அமுங்கினாலும் மொத்த எடையும் கடைசியில் தகட்டுக்குத்தான் போகிறது. இன்னும் எத்தனை தாள் உள்ளே போகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். நான்கு தாள் போனால் 0.4 மி.மீ. தொய்வு.

இந்த அளவு தகடு உறையை விட்டு எவ்வளவு இறங்குகிறது என்பதை மட்டும் சொல்லும். ஸ்கேலுக்கும் உறையின் நடு விளிம்புக்கும் இடையிலும் வெளிச்சம் தெரிந்தால் உறையும் சேர்ந்து வளைகிறது என்று பொருள். இரண்டையும் பிரித்தறிவது அவசியம், ஏனென்றால் வைத்தியம் வேறு வேறு. விளிம்பே இல்லாமல் விசைகள் வெளியே தெரியும் மாடல்களில் ஸ்கேல் வைக்க இடமிருக்காது. தெரிந்த லேத் பட்டறை இருந்தால் நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜை அரை மணி நேரம் இரவல் கேளுங்கள். காந்த அடித்தளம் ஒட்ட இரும்புப் பலகை ஒன்று வேண்டும், அதுவும் அங்கேயே இருக்கும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இதே இடத்தில், இதே எடையில் மீண்டும் அளந்தால்தான் செய்த வேலைக்குப் பலன் உண்டா என்று தெரியும். விரல் சொல்வதை மட்டும் நம்ப முடியாது. ஓசை மாறினாலே கெட்டியாகிவிட்டதாக விரல் நினைத்துக்கொள்ளும்.

கால்களும் உறையும்

மடக்குக் கால்களை விரித்து வைத்து அடிப்பவர்கள் முதலில் அதை மடக்குங்கள். பின்விளிம்பு முழுக்க இரண்டே மெல்லிய பிளாஸ்டிக் முனைகளில் நிற்கிறது. சரிவு வேண்டுமென்றால் முழு நீளத்துக்கும் மரச்சட்டத்தில் ஆப்பு வடிவத்தில் சீவி வாங்கி அடியில் ஒட்டிக்கொள்ளலாம். நான்கு மூலையில் மட்டும் ரப்பர் கால் இருந்தால் முன், பின் விளிம்புகளின் நடுவில் இன்னும் இரண்டு சேருங்கள். நடுக்கால்கள் மூலைக்கால்களைவிட ஒரு தாள் அளவு குட்டையாக இருக்க வேண்டும். உயரமாக இருந்தால் கீபோர்டு ஊஞ்சலாடும்.

பிளாஸ்டிக் உறையின் அடிப்பகுதியை விறைப்பாக்க அலுமினியம் போதும், கனம் தேவையில்லை. சேர்வராயன் மலை பாக்சைட்டை மேட்டூரில் உருக்கி அலுமினியம் எடுத்த காலம் ஒன்று உண்டு. இன்று செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் எந்த ஹார்டுவேர் கடையில் கேட்டாலும் அரை இஞ்ச் எல் ஆங்கிளும், 3 மி.மீ. தடிமன் பட்டையும் அடிக்கணக்கில் வெட்டித் தருகிறார்கள். கவனிக்க வேண்டியது திசை. படுக்கையாக ஒட்டிய பட்டை கொஞ்சம்தான் உதவும், நின்ற நிலையில் இருக்கும் உலோகம்தான் வளைவைத் தடுக்கும். உறையின் பின்பக்கம் உயரம் அதிகம், அங்கே ஆங்கிளை நிறுத்த இடமிருக்கும். எவ்வளவு உயரம் கிடைக்கும் என்று அறிய, பிள்ளைகளின் கலர் க்ளே கொஞ்சத்தைப் பாலிதீனில் பொதிந்து உறையின் தரையில் ஐந்தாறு இடத்தில் வைத்து, பிசிபியை மூடித் திருகி, மீண்டும் திறந்து ஒவ்வொரு உருண்டையின் தடிமனையும் வெர்னியரில் அளக்க வேண்டும். இந்த எண்களைத் தாளில் படம் போட்டு எழுதி வையுங்கள், அடுத்த வேலைக்கும் இவைதான் ஆதாரம்.

ஆங்கிளின் நிற்கும் பக்கத்தை, அளந்த உயரத்தைவிட 2 மி.மீ. குறைவாக அரத்தால் ராவிக்கொள்ளுங்கள். உறையின் உட்புறத்தில் ABS அல்லது PC (பாலிகார்பனேட்) என்ற ஆங்கில எழுத்துகள் அச்சில் வார்க்கப்பட்டிருந்தால் அரால்டைட் எபாக்ஸிப் பசை நன்றாகப் பிடிக்கும். பாலிபுரோப்பிலீன் என்றால் பிடிக்காது, உரிந்து வந்துவிடும். இரு பரப்பையும் 120 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, உலர்ந்த பின் ஒட்டுங்கள். ஐந்து நிமிட வகை வேண்டாம், மெதுவாக இறுகும் சாதாரண அரால்டைட்தான் வேண்டும். ஒட்டும்போது உறையைக் கல் மேடையில் தட்டையாக வைத்து மேலே எடை ஏற்ற வேண்டும். வளைந்த நிலையில் இறுகிவிட்டால் அந்த வளைவு நிரந்தரம்.

சேலத்து வெயிலில் ஒரு நாளில் முழுப் பலம் வந்துவிடும். ஏற்காட்டில் கதை வேறு. ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம், மழைக்காலத்தில் அறைக்குள்ளேயே மேகம் வந்து போகும் ஊர். குளிரில் எபாக்ஸி இறுகுவது மந்தமாகும், ஈரக்காற்று பட்டால் மேற்பரப்பில் பிசுபிசுப்பான படலம் படியும். மேலே இருப்பவர்கள் மூடிய பெட்டிக்குள் குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டு, உறை வெதுவெதுப்பாக இருக்கும்படி வைத்து இரண்டு நாள் விடுவது நல்லது. உறை சூடேறி இளகிவிடக் கூடாது, கை வைத்தால் பொறுக்கும் சூடுதான் அளவு.

வயர்லெஸ் கீபோர்டு என்றால் ஆன்டெனா இருக்கும் மூலையில் உலோகம் வேண்டாம், சிக்னல் குறையும். லித்தியம் பேட்டரி மேல் எதுவும் முட்டக் கூடாது, அதன் அருகில் ஸ்க்ரூ முனையோ வெட்டிய உலோக விளிம்போ வரவே கூடாது. இதில் சமரசம் கிடையாது. குத்துப்பட்ட பேட்டரி தீப்பிடிக்கும்.

ட்ரே மவுண்ட்: முட்டுக் கொடுக்கும் கலை

அதிகப் பலன் தரும் இடம் இதுதான். விலை குறைந்த 60% கீபோர்டுகள் பலவும் ட்ரே மவுண்ட் வகை. உறையின் தரையிலிருந்து எழும் சில தூண்களில் பிசிபி திருகப்பட்டிருக்கும், தகடு அதன் மேல் சுவிட்சுகளின் தயவில் நிற்கும். பரவலாக உள்ள அமைப்பில் தூண்களின் இடம் இப்படி: 'டேப்'புக்கும் 'க்யூ'வுக்கும் அருகே ஒன்று, வலது கோடியில் பின்சாய்கோட்டு விசைக்கு அருகே ஒன்று, நட்டநடுவில் 'ஜி', 'எச்' விசைகளுக்கு இடையில் ஒன்று, ஸ்பேஸ்பாரின் வலது முனையில் ஒன்று, அத்துடன் இரு பக்க விளிம்புகளிலும் ஒவ்வொன்று. இதைப் படமாகப் போட்டுப் பார்த்தால் குறை உடனே தெரியும். இடது கீழ்மூலை, அதாவது 'இசட்', 'எக்ஸ்', இடது ஆல்ட் பகுதி அந்தரத்தில் தொங்குகிறது. மேல் வரிசையின் நடுவும் அப்படியே. 'எச்' அடித்தால் கல்லில் அடித்ததுபோல் இருக்கும், 'எக்ஸ்' அடித்தால் இறங்கும். தமிழ்99 அடிப்பவர்களுக்குக் 'க' வருவது 'எச்' விசையில், புள்ளி வருவது 'எஃப்' விசையில். இரண்டும் ஓயாமல் அடிபடுபவை, இரண்டும் நடுத்தூணின் பக்கத்தில். அதனால் மற்ற இடங்களின் தொய்வு அவர்களுக்கு இன்னும் கூர்மையாகத் தெரியும்.

முட்டுக்கு மென்மையான பொருள் கூடாது. ஃபோமும் மெத்தென்ற சிலிகானும் அமுங்கிக் கொடுக்கும், நாம் தவிர்க்க நினைப்பதே அதைத்தான். அக்ரிலிக், நைலான், பிவிசி ஏற்றவை. பேர்ப்பலகை செய்யும் கடைகளில் 2, 3, 5 மி.மீ. அக்ரிலிக் வெட்டுத் துண்டுகள் சும்மாவே கிடைக்கும். நுண்ணிய பேக்கிங் கொடுக்கக் காலாவதியான ஏடிஎம் கார்டைவிட நல்ல பொருள் இல்லை. உலகம் முழுவதும் அதன் தடிமன் 0.76 மி.மீ. என்று தரப்படுத்தப்பட்டது. இரண்டு அடுக்கு 1.52, மூன்று 2.28. மீதியைத் தாளால் சரிக்கட்டலாம். சிப் உள்ள பகுதியையும், தட்டிச் செலுத்தும் கார்டு என்றால் ஓரத்தில் ஓடும் ஆன்டெனா கம்பியையும் தவிர்த்து வெட்டுங்கள்.

முட்டின் அளவு 8 அல்லது 10 மி.மீ. சதுரம். வைக்கும் இடத்தில் சால்டர் முனைகள், டயோடு, ஹாட்ஸ்வாப் சாக்கெட் (சால்டர் இல்லாமல் சுவிட்சைச் செருகிக் கழற்றும் குழி) எதுவும் வரக் கூடாது. பிசிபியைப் பார்த்து நான்கு விசைகள் கூடும் வெற்று முனையைத் தேர்ந்தெடுங்கள். தேவைப்பட்டால் துண்டின் மூலையை அரத்தால் எடுத்துவிடலாம். 60% கீபோர்டுக்கு ஐந்து முட்டு பெரும்பாலும் போதும்: 'இசட்'–'எக்ஸ்' அடியில் ஒன்று, இடது ஆல்ட்டுக்கு அருகே ஒன்று, மேல் வரிசையில் '6'–'7' அடியில் ஒன்று, 'ஓ'–'எல்' பகுதியில் ஒன்று, வலது ஷிஃப்ட்டின் உட்புறம் ஒன்று. பழைய உலோகத் துண்டை முட்டாகப் போடாதீர்கள். மின்காப்புக்கான காப்டன் டேப் ஒட்டினாலும் அதிர்வில் தேய்ந்து ஒரு நாள் ஷார்ட் ஆகும்.

உயரம்தான் உயிர். உறையின் தரை பெரும்பாலும் சரிவானது, எனவே ஐந்து முட்டுக்கும் ஐந்து உயரம். க்ளே அளவு 4.3 என்று காட்டினால் முட்டு 4.3-தான், "கொஞ்சம் கூட இருக்கட்டும்" என்று 4.6 வைத்தால் பிசிபி மேல்நோக்கி வளையும். அதன் விளைவுகள் வரிசையாக வரும். பக்கத்துத் தூணின் ஸ்க்ரூ பிளாஸ்டிக்கைக் கிழித்துக்கொண்டு வரும், நீள விசைகளைச் சாயாமல் தாங்கும் ஸ்டெபிலைசர் கம்பி சிக்கி ஸ்பேஸ்பார் திரும்பி எழாது, ஹாட்ஸ்வாப் சாக்கெட்டின் தொடுமுனை தளர்ந்து ஒரு எழுத்து சில நேரம் விழாமல் போகும். காந்த சுவிட்ச் கொண்ட ஹால் எஃபெக்ட் கீபோர்டில் சென்சாருக்கும் காந்தத்துக்கும் உள்ள தூரம் மாறி, விசைகள் ஆளுக்கொரு ஆழத்தில் வேலை செய்யும். 0.1 மி.மீ. குறைவாக இருப்பது இதைவிட மேல், ஒரு தாள் ஒட்டினால் சரியாகிவிடும். வைத்த பிறகு ஸ்க்ரூக்களை விரல் பலத்தில் மட்டும் திருகி, பிசிபியின் மேல் ஸ்கேல் வைத்து மேடு உண்டா என்று பார்த்து, பிறகு இறுக்குங்கள்.

முட்டுகளை உறையின் தரையில் மட்டும் ஒட்டுங்கள், பிசிபியில் ஒட்டாதீர்கள். இரட்டைப் பக்க ஃபோம் டேப் வேண்டாம், அதுவே மெத்தை. மெல்லிய ஃபிலிம் டேப் அல்லது ஒரு சொட்டு அரால்டைட் போதும்.

கேஸ்கட் மவுண்ட் கீபோர்டு கையில் இருந்தால்

இங்கே தகட்டின் காதுகள் போரோன் (PORON) என்ற ஃபோம் அல்லது சிலிகான் பட்டைகளுக்கு நடுவில் நசுங்கிப் பிடிபட்டிருக்கும். தொய்வுக்கு அந்தப் பட்டைகளே காரணம், அதற்காகத்தான் அவை அங்கே இருக்கின்றன. அவற்றை எடுத்துவிட்டு அதே இடத்தில் கடினமான பொருளை வைத்தால் மவுண்ட் கிட்டத்தட்டச் சாண்ட்விச் மவுண்ட்டாக, அதாவது மேலுறைக்கும் கீழுறைக்கும் நடுவில் தகடு இறுகி நிற்கும் வகையாக, மாறிவிடும். மோட்டார், பம்ப் உதிரிப் பொருள் கடைகளில் 0.5, 0.8, 1, 1.5 மி.மீ. தடிமன்களில் பேக்கிங் ஷீட் கிடைக்கிறது. கேட்கும்போது ஆஸ்பெஸ்டாஸ் கலக்காதது என்று சொல்லிக் கேளுங்கள். அந்தக் கலப்புள்ள ஷீட் இன்னும் விற்பனையில் இருக்கிறது, வெட்டும் தூசி நுரையீரலுக்கு ஆகாது. சந்தேகமாக இருந்தால் கடின நைட்ரைல் ரப்பர் ஷீட்டோ நம் ஏடிஎம் கார்டோ போதும்.

பழைய பட்டையின் தடிமனை அப்படியே நகலெடுக்கக் கூடாது. மெத்தென்ற பட்டை நசுங்கிய பிறகு இருக்கும் இடைவெளிதான் அளவு. மேலுறையும் கீழுறையும் முழுமையாக மூடிய நிலையில் க்ளே வைத்து அளந்து, அதைவிட ஒரு தாள் அளவு மட்டும் தடிமனாக வையுங்கள். கூடினால் உறையின் சேர்ப்பில் மயிரிழை வெளிச்சம் தெரியும், ஸ்க்ரூவால் அதை மூட முயன்றால் மரை போய்விடும்.

பிசிபியிலும் தகட்டிலும் வரிசைகளுக்கிடையே வெட்டுக் கோடுகள் இருந்தால் மவுண்ட்டை இறுக்கிய பிறகும் கொஞ்சம் அசைவு மிஞ்சும். பிசிபியின் வெட்டில் எபாக்ஸி ஊற்றி அடைக்கும் யோசனை அடிக்கடி காதில் விழுகிறது. வேண்டாம். ஓரத்தில் செம்புத் தடங்கள் ஓடுகின்றன, பிறகு பழுது பார்க்கவே முடியாது. வெட்டில்லாத தகடு ஒன்று செய்து போடுவதுதான் நேர்வழி.

தகடு: சேலத்துக்காரர்களின் வசதி

கஞ்சமலை அடிவாரத்து உருக்காலை 1980-களின் தொடக்கத்திலிருந்து ஸ்டெயின்லெஸ் தகடு உருட்டுகிற ஊர் இது. நல்ல தகடும், அதை வெட்டத் தெரிந்தவர்களும் பக்கத்திலேயே இருப்பது சிறிய விஷயம் இல்லை. வெளிநாட்டிலிருந்து தகடு வரவழைப்பதைவிட இங்கே வெட்டி வாங்குவதே நல்லது. அளவு பிசகினால் மறுநாளே போய் நின்று சரிசெய்துகொள்ளலாம்.

கீபோர்டு லேஅவுட் எடிட்டர் என்ற இணையதளத்தில் விசை அமைப்பைப் போட்டு, ஏதேனும் ஒரு ப்ளேட் ஜெனரேட்டரில் கொடுத்தால், லேசர் வெட்டுக்கான வரைபடமான டிஎக்ஸ்எஃப் ஃபைல் கிடைக்கும். விசைகளின் இடைவெளி 19.05 மி.மீ., சுவிட்ச் துளை 14 மி.மீ. சதுரம். ஸ்டெபிலைசருக்கு (ஒரு 'யூ' என்பது சாதாரண எழுத்து விசை ஒன்றின் அகலம்): 2யூ விசைகளில் மையத்திலிருந்து இரு பக்கமும் 11.94 மி.மீ., 6.25யூ ஸ்பேஸ்பாருக்கு 50 மி.மீ. திருகு துளைகளின் இடத்தைப் பழைய தகட்டை ஸ்கேன் செய்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

பேர்ப்பலகைக் கடையில் இருக்கும் கார்பன்-டை-ஆக்சைடு லேசர் அக்ரிலிக்கை வெட்டும், ஸ்டீலை வெட்டாது. ஃபைபர் லேசர் உள்ள இடத்துக்குப் போக வேண்டும். அங்கே நான்கு விஷயங்களைச் சொல்லிக் கேளுங்கள். முதலாவது தடிமன்: "16 கேஜ்" என்று கேட்டால் 1.6 மி.மீ. கிடைக்கும், அது சுவிட்ச் கொக்கி பொறுக்கும் எல்லையின் விளிம்பு. 1.5 என்று கேட்டு, வெர்னியர் வைத்துப் பார்த்து எடுங்கள். இரண்டாவது தரம்: 304 கேளுங்கள். ஏற்காட்டு ஈரத்தில் சாதாரண இரும்புத் தகட்டின் வெட்டு விளிம்பு துருப்பிடிக்கும், 304 தாங்கும். மூன்றாவது வாயு: நைட்ரஜன் வைத்து வெட்டினால் விளிம்பு வெள்ளையாகச் சுத்தமாக வரும், ஆக்சிஜன் வைத்து வெட்டினால் கறுப்புப் படலமும் பிசிறும் வரும். நான்காவது மாதிரித் துண்டு: லேசர் கதிருக்கும் அகலம் உண்டு, அது வெட்டும்போது துளை சற்றுப் பெரிதாகும். 13.95, 14.00, 14.05 என்று மூன்று துளை கொண்ட சிறு துண்டை முதலில் வெட்டச் சொல்லி, கையில் கொண்டுபோன சுவிட்சைப் பொருத்திப் பாருங்கள். டக்கென்று கொக்கி விழுந்து, பக்கவாட்டில் ஆடாமல் நிற்பதே சரியான துளை. மூன்று துளையைத் தவிர்க்கப் பார்த்தால் அறுபத்தொரு துளையும் தப்பாகும்.

பவுடர் கோட்டிங் ஆசை வேண்டாம். ஒரு பக்கத்துக்கு 60 முதல் 100 மைக்ரான் வரை ஏறும், இரு பக்கமும் சேர்ந்தால் 1.5 மி.மீ. தகடு 1.65-ஐத் தொடும், துளையும் அதே அளவு சுருங்கும். வண்ணம் கட்டாயம் வேண்டும் என்பவர்கள் தொடக்கத்திலேயே துளையைப் பெரிதாக்கி, மெல்லிய தகட்டில் செய்ய வேண்டும், அதற்குள் விறைப்பு போய்விடும்.

இவ்வளவு துளைகள் நெருக்கமாக வெட்டினால் சூட்டில் தகடு லேசாக முறுக்கிக்கொள்ளும். துளைகளை வரிசையாக வெட்டாமல் தாவித் தாவி வெட்டச் சொன்னால் குறையும். வந்த தகட்டைக் கல் மேடையில் வைத்து மூலைகளைத் தட்டிப் பாருங்கள். அரை மில்லிமீட்டருக்குள் தூக்கல் இருந்தால் கையாலேயே எதிர்ப்பக்கம் வளைத்துச் சரிசெய்யலாம். அதற்கு மேல் என்றால் திருப்பிக் கொடுங்கள். முறுக்கிய தகட்டைத் திருகி நேராக்கினால் அந்த விசை முழுக்கப் பிசிபி மேல் போகும். 60% ஸ்டீல் தகடு துளைகள் போக ஏறக்குறைய 170 கிராம், அலுமினியம் அதே அளவில் 57 கிராம். கனம் உடன் வருகிறது, அதையும் சேர்த்தே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

சால்டர் செய்யும் போர்டு என்றால்

தகட்டின் மேல்பரப்புக்கும் பிசிபியின் மேல்பரப்புக்கும் உள்ள தூரம் 5 மி.மீ., அதாவது நடுவில் 3.5 மி.மீ. இடைவெளி. இந்த இரண்டு அடுக்கையும் அறுபதுக்கு மேற்பட்ட சுவிட்சுகள் இறுக்கமாகப் பிணைத்தால் இரண்டும் சேர்ந்து ஒரே தடித்த பலகைபோல நடந்துகொள்ளும். சால்டர் செய்த போர்டு ஹாட்ஸ்வாப்பைவிடக் கெட்டியாக இருப்பதற்குக் காரணம் இதுதான். ஐந்து கால் சுவிட்சு (இரு பக்கமும் கூடுதல் பிளாஸ்டிக் கால் உள்ளது) வாங்குங்கள், மூன்று காலைவிட அது பிசிபியில் நன்றாக உட்காரும். முதலில் நான்கு மூலையிலும் நடுவிலும் சுவிட்சைப் பொருத்தி, தகடும் பிசிபியும் எங்கும் ஒரே இடைவெளியில் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே சால்டரைத் தொடுங்கள். 63/37 வெள்ளீய-ஈயச் சால்டர் 183 டிகிரியில் உருகும், அயர்ன் முனையை 340–350 டிகிரியில் வைத்து ஒவ்வொரு உலோகக் காலுக்கும் இரண்டு மூன்று வினாடி போதும். முழுக்க உட்காராமல் சால்டர் ஆன சுவிட்ச் ஒன்று இருந்தாலும் தகடு அந்த இடத்தில் மிதக்கும், பிறகு வெளியிலிருந்து என்ன முட்டுக் கொடுத்தாலும் அந்த விசை தனியாகத் தெரியும். தகட்டுக்கும் பிசிபிக்கும் நடுவில் ஃபோம் போடுவது ஓசைக்காக மட்டும். பிசிபியில் புதிதாகத் துளை போடும் எண்ணமே வேண்டாம்.

ஸ்க்ரூக்கள் பெரும்பாலும் எம்2. குறுக்கு மூலைகளாக, மூன்று சுற்றில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பிளாஸ்டிக் தூணில் மரை போயிருந்தால் எம்2 பித்தளை இன்சர்ட் ஒன்றைச் சால்டரிங் அயர்னால் சூடாக்கி இறக்கலாம். கழன்றுவிடாமல் இருக்க லாக்டைட் போடும் பழக்கம் பட்டறைக்காரர்களுக்கு உண்டு. பிளாஸ்டிக் உறையில் அது கூடாது. ஏபிஎஸ்ஸும் பாலிகார்பனேட்டும் அதுபட்டால் மெல்ல மெல்ல விரிசல் விடும்.

கெட்டியான கீபோர்டில் ஓசை கூர்மையாகும், ஸ்டீல் தகடு ரீங்கரிக்கும். அதற்கு உறையின் தரையில், முட்டுகளுக்கு இடைப்பட்ட வெற்றிடங்களில், கார் கதவுகளுக்கு ஒட்டும் பியூட்டைல் ஷீட்டை ஒட்டுங்கள். அது பிசிபியைத் தொடாத வரை விறைப்பு குறையாது. விரல் மூட்டில் வலி உள்ளவர்களும் ஒவ்வொரு விசையையும் அடிவரை ஓங்கி அடிப்பவர்களும் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். தொய்வு உறிஞ்சிக்கொண்டிருந்த அதிர்ச்சி இனி விரலுக்கே திரும்பும். 45 கிராம் சுவிட்சிலிருந்து 60 கிராமுக்கு மாறினால் விசை அடியில் மோதும் வேகம் குறைந்து கை தப்பிக்கும்.

எல்லாம் பூட்டிய பிறகு அதே இடத்தில், அதே ஒரு கிலோ எடையில் தாள் எண்ணிக்கையை எடுங்கள். நான்கு தாள் இருந்த இடத்தில் ஒன்றுக்குக் குறைந்திருந்தால் வேலை முடிந்தது. குறையவில்லை என்றால் முட்டுகளில் ஏதோ ஒன்று தொடவில்லை. ஒவ்வொன்றின் தலையிலும் லிப்ஸ்டிக்கோ ஸ்டாம்ப் மையோ தடவி, மூடித் திறந்து, பிசிபியின் அடியில் எங்கே அடையாளம் விழவில்லை என்று பாருங்கள், பிறகு ஆல்கஹாலால் துடைத்துவிடுங்கள். ஒரு வாரம் பயன்படுத்தியதும் பிளாஸ்டிக் கொஞ்சம் அமர்ந்திருக்கும். அப்போது எல்லா ஸ்க்ரூவையும் ஒருமுறை கால் சுற்று இறுக்கிவிட வேண்டும். சித்திரை வெயிலுக்குப் பிறகும் இன்னொரு முறை.